காலால பொறந்தவங்க

எங்கள் லயத்தில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால், மருந்து எடுக்கப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டு இஸ்தோப்புக்குத்தான் வருவார்கள். சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் மூன்று தரம் மெதுவாக மிதிப்பார். காசு வாங்க மாட்டார். வந்தவர் எழும்பி, "லேசா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஏன் அம்மா? அம்மா காலால் பிறந்தவர். தலை வராமல் கால் முதலில் வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. "ஒங்கம்மா காலாலதான் பொறந்தா, இந்தக் காம்பராவுலயே. மருத்துவச்சி பயந்துபோய் சாமியக் கும்புட்டுட்டா" என்று அம்மாயி சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

அம்மா கொஞ்சம் சாய்ந்து நடப்பார். வலது கால் ஊன்றும்போது உடம்பும் வலது பக்கம் சாயும். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். மலையில் தூரத்தில் கொழுந்துச் சாக்கோடு வரும் பத்துப் பேரில் அம்மா யார் என்று அந்த நடையை வைத்தே சொல்லிவிடுவேன். அது ஒரு நோயின் அடையாளம் என்று 22 வயது வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வைத்தது என்னுடைய இடுப்பு.

பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து ஆடியவள். ஏ.எல். படிக்கும்போதே ஆடி முடித்தால் வலது தொடைச் சந்தில் ஒரு குத்தல் வரும். கெம்பஸ் வந்த பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டேன், வலி என்னை விடவில்லை. இரண்டு மணிநேர விரிவுரை முடிந்து எழும்பும்போதும், பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கும்போதும் உள்ளே ஏதோ மாட்டிக்கொள்வது போல இருக்கும். பேராதனையின் மேடுகள் வேறு. கூட்டாளிமார் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'பாட்டி'.

இரண்டு இடத்தில் காட்டினேன். "எங்க வலி?" என்று கேட்டார்கள். "இடுப்பு" என்றேன். இரண்டு இடத்திலும் முதுகைத்தான் பார்த்தார்கள். ஒரு இடத்தில் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று வலிக்குளிசை தந்தார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் குடம் வைக்கும் இடமும் இடுப்பு, ஒட்டியாணம் கட்டும் இடமும் இடுப்பு, குனிந்து வேலை செய்தால் வலிக்கும் பின்பக்கமும் இடுப்பு, தொடையெலும்பு போய்ச் சேரும் மூட்டும் இடுப்பு. இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடைச் சந்தில்தான் தெரியும். ஒரு பொம்பிளைப்பிள்ளை முன்பின் தெரியாத டொக்டரிடம் அந்த இடத்தைக் காட்டிச் சொல்லுவாளா? நான் சொல்லவில்லை. 'இடுப்பு' என்றால் மரியாதையாக இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்த எலும்பு டொக்டர் வித்தியாசமானவர். "சொல்ல வேணாம், கையால் காட்டுங்க" என்றார். நான் பெருவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் வர, இடுப்பின் பக்கத்தைக் கவ்விப் பிடித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். ஆங்கில 'சி' எழுத்துப் போலக் கையை வைத்து இப்படிக் காட்டுபவர்களுக்கு வலி மூட்டுக்குள்ளே இருக்க வாய்ப்பு அதிகமாம். எக்ஸ்ரே, பிறகு எம்.ஆர்.ஐ. கிண்ணத்தின் விளிம்பிலிருக்கும் லேப்ரம் என்ற வளையத்தில் ஒரு கிழிசல். அதோடு எக்ஸ்ரேயில் கோடு போட்டு ஒரு கோணம் அளந்தார். 22 பாகை.

"வீட்டுல யாருக்காவது இடுப்பு மூட்டு வருத்தம் இருக்கா? யாராவது சாஞ்சு நடக்கிறவங்க?"

எனக்கு உடனே மலையிலிருந்து இறங்கி வரும் அம்மாதான் கண்ணில் வந்தார்.

அன்று ராத்திரியிலிருந்து நான் வாசிக்கத் தொடங்கினேன். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். என் எலும்பு, நான் வாசிப்பேன்.

இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு, ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள். தொடையெலும்பின் தலை பந்து, இடுப்பெலும்பில் இருக்கும் குழி கிண்ணம். இரண்டின் மேலும் வழுவழுப்பான கசியிழையம் பூசியிருக்கும். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம், போத்தல் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் மாதிரி. அது உள்ளே இருக்கும் திரவத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

கமரா பொருத்திய குழாயை விட்டு மூட்டுக்குள்ளே பார்ப்பதுதான் ஆத்ரோஸ்கொப்பி. சின்னத் துளைகள் போதும் என்பதால் சாவித்துவாரச் சத்திரசிகிச்சை என்றும் சொல்வார்கள். முழங்காலில் இது சாதாரணமாகிப் பல காலம். இடுப்பு கடைசியாகத்தான் வழிக்கு வந்தது. 1931இல் நியூயோர்க்கில் மைக்கல் பேர்மன் என்ற டொக்டர் இறந்தவர்களின் மூட்டுகளில் இந்தக் குழாயை விட்டுப் பார்த்தார். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஊசி நுழைப்பது முடியாத காரியம் என்று எழுதிவைத்தார். 1939இல் ஜப்பானில் கெஞ்சி தகாகி உயிரோடு இருப்பவர்களின் இடுப்பைக் குழாய் மூலம் பார்த்ததைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மூட்டு ஆழத்தில் இருக்கிறது, சுற்றிலும் தடித்த தசை, பந்தைக் கிண்ணம் உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. அதனால் நோயாளியை மயக்கி, விசேட மேசையில் காலைக் கட்டி இழுத்து, பந்தையும் கிண்ணத்தையும் ஒரு சென்டிமீற்றர் அளவுக்குப் பிரிக்க வேண்டும். இதற்கான நீளமான கருவிகளும், எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே வேலை செய்யும் முறையும் ஒழுங்காக வந்த பிறகுதான் கதவு திறந்தது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே போய் என்ன செய்வது? அதற்கான பதிலில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரத்திலிருந்து வந்தது. றைன்ஹோல்ட் கான்ஸ் என்ற டொக்டரும் கூட்டாளிகளும் 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பந்தின் கழுத்தில் ஒரு மேடு இருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி மூடியிருந்தாலோ, காலை மடிக்கும் ஒவ்வொரு தடவையும் எலும்போடு எலும்பு இடித்து லேப்ரம் கிழியும், கசியிழையம் உரியும், கடைசியில் மூட்டுத் தேயும் என்பது அதன் சாரம். வயதானால் மூட்டுத் தேயும் என்று விட்டுவிடாமல், இளவயதில் அந்த மேட்டைச் செதுக்கினால் மூட்டைக் காப்பாற்றலாமோ என்ற கேள்வி அங்கிருந்துதான் பெரிதானது.

அதன் பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. முன்பு கிழிந்த லேப்ரத்தை வெட்டி எறிந்தார்கள், இப்போது முடிந்தவரை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். முன்பு மூட்டைச் சுற்றியிருக்கும் உறையைத் திறந்தபடியே விட்டு வந்தார்கள், அப்படி விட்டால் சிலருக்கு மூட்டுத் தளர்ந்து போவதைக் கண்டு இப்போது தைத்து மூடுகிறார்கள். காலை இழுக்கும்போது உடம்பு நழுவாமலிருக்கக் கவட்டில் ஒரு தூண் வைப்பார்கள். அது அழுத்தி அந்த இடம் சிலருக்கு மரத்துப்போனதால், தூண் இல்லாத மேசைகளும் வந்துவிட்டன.

இதெல்லாம் வாசிக்கும்போது, சரி, துளை போட்டுத் தைத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அன்டி மறேயின் கதை வந்தது.

உலகின் முதல் நிலை டென்னிஸ் வீரராக இருந்தவர். 2018 ஜனவரியில் மெல்பேர்னில் வலது இடுப்பில் சாவித்துவாரச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அப்போது அவருக்கு 30 வயது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே மெல்பேர்னில், வலி தாங்க முடியவில்லை என்று பத்திரிகையாளர் முன்னால் அழுதார். அதே மாதம் லண்டனில் பந்தின் மேல் உலோக மூடி போடும் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. 2019 ஒக்டோபரில் அன்ட்வேர்ப்பில் கிண்ணம் வென்றார். அந்தப் பக்கம் இந்தியாவின் சுமித் நாகல். 2021 நவம்பரில், 24 வயதில், இடுப்பில் சத்திரசிகிச்சை. தரவரிசையில் எங்கேயோ விழுந்து, 2024 ஜனவரியில் அவுஸ்திரேலிய ஓப்பனில் தரவரிசைப்படுத்தப்பட்ட ஒருவரைத் தோற்கடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டத்தில் அப்படிச் செய்த முந்தைய இந்தியர், 1989இல் விலாண்டரை வீழ்த்திய சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். அந்த ஜூலையில் நாகல் 68ஆம் இடத்துக்கும் வந்தார்.

ஒருவருடைய கதையை வைத்து இன்னொருவருக்குக் கணக்குப் போட முடியாது. இருவருடைய மூட்டுக்குள்ளும் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் டொக்டர்மார் யாரைச் செய்வது, யாரைச் செய்யக்கூடாது என்று பார்க்கும் காரணிகள் இருக்கின்றன. முதலாவது, கசியிழையம் எவ்வளவு மிச்சம். எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையிலான வெளி 2 மில்லிமீற்றரை விடக் குறைந்திருந்தால் சாவித்துவாரத்தால் பெரிய பலன் இல்லை, சீக்கிரமே மூட்டு மாற்ற வேண்டிவரும். வயது, உடல் எடை, புகைப்பழக்கம், மனச்சோர்வு, எவ்வளவு காலமாக வலி என்பதும் கணக்கில் வரும். செய்பவரின் கைப்பழக்கம் முக்கியம். இரண்டாம் தடவை மேசைக்கு வருபவர்களில் அதிகமானோர், முதல் தடவையில் மேட்டைச் சரியாகச் செதுக்காமல் விடப்பட்டவர்கள். பிறகு, மாதக்கணக்கில் செய்ய வேண்டிய உடற்பயிற்சி.

இன்னொரு தகவல் எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. 2018இல் லான்செற் சஞ்சிகையில் வந்த பிரித்தானிய ஆய்வு ஒன்றில், இந்த இடிபாட்டு நோயுள்ள 348 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சையும் மறு பாதிக்குப் பிசியோ பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில், 100 புள்ளி அளவில், சத்திரசிகிச்சை செய்தவர்கள் சராசரியாக 39இலிருந்து 59க்கு வந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் 36இலிருந்து 50க்கு வந்தார்கள். சத்திரசிகிச்சைதான் முந்தியது, ஆனால் பயிற்சியும் சும்மா இல்லை.

நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் என் 22 பாகைக்குத் திரும்பி வந்தார். கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதற்கான அளவு அது. 25க்கு மேல் சாதாரணம், 20க்குக் கீழ் கிண்ணம் ஆழமில்லை, நான் எல்லையில் நிற்பவள். கிண்ணம் ஆழமில்லாதவர்களுக்கு லேப்ரமும் உறையும்தான் பந்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அங்கே போய்ச் சும்மா வெட்டித் தைத்தால், மூட்டு இன்னும் தளர்ந்து முன்னையதை விட மோசமாகலாம். உண்மையாகவே ஆழமில்லாத கிண்ணத்துக்கு இளவயதில் செய்வது வேறு: கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, பந்தை மூடும்படி திருப்பிப் பொருத்துவது. 1988இல் அதை எழுதியதும் அதே பேர்ன் டொக்டர் கான்ஸ்தான்.

"அவசரப்பட வேணாம். ஆறு மாசம் பயிற்சி செய்ங்க. சரிவராட்டி கொழும்புக்குக் கடிதம் தாறேன். அம்மாவ ஒருக்கா கூட்டிக்கிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போவது அவ்வளவு லேசா? அப்போது நாட்சம்பளம் 1350 ரூபாய். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. கிளினிக் நாள் என்றால் ஒரு பேர் போனது, பஸ் காசு போனது. "எனக்கு என்னா புள்ள, வயசான வலி. ஒனக்கு நல்லாகட்டும் மொதல்ல" என்றார் அம்மா. அம்மாவுக்கு அப்போது 49. கடைசியில், "நீங்க வராட்டி எனக்கு என்ன வருத்தம்னு டொக்டர் சொல்ல மாட்டாராம்" என்று ஒரு பொய் சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

அம்மாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது எனக்கே தெரிந்தது. இடது பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ஒரு கருங்கோடு. வலது பக்கம் அந்தக் கோடு இல்லை. எலும்பு எலும்பிலேயே உட்கார்ந்திருந்தது. கிண்ணம் என்னுடையதை விடவும் தட்டை.

டொக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அம்மா பழக்கதோஷத்தில், "கொந்த ரிதெனவா மாத்தயா" என்றார். கொந்த என்றால் முதுகு. பத்து வருடமாக எல்லா இடத்திலும் அம்மா சொன்ன வசனம் அதுதான். தமிழில் 'இடுப்பு', சிங்களத்தில் 'கொந்த'. பத்து வருடமாக முதுகுக்குத்தான் தைலமும் குளிசையும் வாங்கியிருக்கிறார். ஒருவரும் காலை மடித்துத் திருப்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் தொடைச் சந்தைக் காட்டவில்லை.

டொக்டர் கேட்டார், "பொறக்கும்போது எப்படிப் பொறந்தீங்கன்னு தெரியுமா?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "காலாலதான் சார்! அதனாலதான் நான் மிதிச்சா எல்லாருக்கும் சொகமாகும்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். வயிற்றுக்குள் தலை மேலே, கால் அல்லது குண்டி கீழே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிண்ணம் ஆழமாக வளராமல் போகும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். பெண் பிள்ளை, தலைப்பிள்ளை, குடும்பத்தில் முன்பு இருந்திருப்பது, இவையும் வாய்ப்பைக் கூட்டும். அம்மா பெண், அம்மாயியின் தலைப்பிள்ளை, காலால் பிறந்தவர். அப்படிப் பிறக்கிற அதிகமான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அம்மாவின் மூட்டு இதனால்தான் இப்படி ஆனது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிறந்த பிள்ளையின் காலை மடித்து விரித்துப் பார்க்கும் சோதனையை இத்தாலியில் ஒர்ட்டோலானி 1937இலும் இங்கிலாந்தில் பார்லோ 1962இலும் எழுதிவிட்டார்கள். சில நிமிட வேலை. முதல் மாதங்களில் பிடித்துவிட்டால், காலை விரித்து வைக்கும் ஒரு பட்டியைச் சில மாதம் போட, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிண்ணம் தானாக ஒழுங்காக வளரும். லயத்துக் காம்பராவில், விளக்கு வெளிச்சத்தில், உயிரோடு வந்ததே பெரிசு என்று சாமி கும்பிட்டவர்களிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

அன்று பஸ்ஸில் எனக்கு அந்தக் காரணிகள் பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கசியிழையம் எவ்வளவு மிச்சம், எவ்வளவு காலமாக வலி, வயது. அம்மாவின் பட்டி போடும் காலம் 1970களில் முடிந்தது. கிண்ணத்தைத் திருப்பும் காலம், என்னை வயிற்றில் சுமந்துகொண்டு மலையேறிய நாட்களில் முடிந்திருக்கும். சாவித்துவாரம் ஒருநாளும் அவருக்கானதாக இருந்ததில்லை. மிச்சம் இருப்பது முழு மூட்டு மாற்று. 1962இல் ஜோன் சார்ன்லி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த அது நல்ல சத்திரசிகிச்சைதான், அம்மாவை வலியில்லாமல் நடக்க வைக்கும். ஆனால் அதற்குப் பிறகு சரிவில் சாக்குச் சுமக்க முடியுமா என்ற கேள்விக்கு டொக்டர் "யோசிக்கணும்" என்றார். அதனால் அம்மாவும் யோசித்துக்கொண்டிருக்கிறார். "பென்ஷனெடுக்கட்டும், அப்பறம் பாப்போம்." பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது.

சத்திரசிகிச்சையின் பலன் மேசையில் தீர்மானமாவது கொஞ்சம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மீதி, அந்த மேசைக்கு எந்த வயதில், எத்தனை மில்லிமீற்றரோடு வந்து சேர்கிறோம் என்பதில் இருக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் 27 வருட வித்தியாசம் மட்டுமில்லை. நான் கெம்பஸ் போனேன், பேர் போகாமல் கிளினிக்கில் நிற்க முடிந்தது, கையால் காட்டச் சொன்ன ஒருவர் கிடைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது எனக்கு ஐந்தாவது மாதம். ஒரு காலில் நிற்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ரப்பர் பட்டியைக் காலில் போட்டுப் பக்கவாட்டில் நடப்பது. குத்தல் குறைந்திருக்கிறது, போகவில்லை. கடிதம் தேவைப்படுமா என்பது அடுத்த மாதம் தெரியும். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் பக்கத்தில் படுத்து இடுப்பைத் தூக்குவார். "இது என்னா கூத்து" என்று சிரிப்பார், ஆனால் பத்துத் தரம் செய்வார்.

அம்மா ஏன் எப்போதும் வலது காலாலேயே மிதிப்பார் என்று போன விடுமுறையில்தான் எனக்கு விளங்கியது. அந்தக் காலில் தனியாக நிற்க அவருக்கு முடியாது.

அந்த விடுமுறையிலேயே மேல் லயத்து அக்கா முதுகுப் பிடிப்போடு வந்தார். பிள்ளை பிறந்து ஒரு மாதம், தலைப்பிள்ளை, பெண். குண்டி கீழே இருந்ததால் சிசேரியன் செய்தார்களாம். அம்மா மிதிக்கவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"மிட்வைஃப் மிஸ் வந்தா கார்ட காட்டி, புள்ள தலகீழா வரல, இடுப்ப நல்லா பாருங்கன்னு சொல்லு. இடுப்புன்னு மட்டும் சொல்லாத, தொட மூட்டுன்னு சொல்லு. வெக்கப்படாம கையால காட்டு."